கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு அறிவியல்!

மணல், உப்பு, இரும்புத்தூள், மரத்தூள். நாலையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்கி மேசையில் வைத்துவிட்டு, "எங்கே, பிரிச்சுக் காட்டுங்க பார்க்கலாம்" என்பார் அறிவியல் டீச்சர். காந்தத்தை மேலே ஓட்டினால் இரும்புத்தூள் துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால் மரத்தூள் மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம். உப்பு கரைந்துவிடும், மணல் அடியில் தங்கிவிடும். வடிகட்டினால் மணல் தனி. வடிந்த நீரைக் காய்ச்சினால் உப்பு தனி. அவ்வளவுதான், மணி அடித்துவிடும், அடுத்த வகுப்பு கணக்கு!

இதே விளையாட்டு, இதே நாலு தந்திரம், திருவள்ளூர் மாவட்டத்தில் ராப்பகலாக ஆயிரக்கணக்கான டன் கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொடங்கி செங்குன்றம், காக்களூர், காட்டுப்பள்ளி வழியாக மணலி வரை வந்தால், பாடப் புத்தகத்தின் அத்தனை முறைகளும் ராட்சத உருவத்தில் ஓடுகின்றன. தூற்றுதல், சலித்தல், காந்தப் பிரிப்பு, தெளிய வைத்து இறுத்தல், வடிகட்டுதல், ஒன்பதாம் வகுப்பில் வரும் மையவிலக்கு, பின்ன வாலை வடித்தல் எல்லாமே உண்டு. 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதிய இரும்பு கேட்டுகளுக்கு அந்தப் பக்கம் நடப்பதால் நம் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. எனக்கு அதுதான் ஆதங்கம். சரி, வாங்க, எட்டிப் பார்ப்போம்!

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இறங்கினால் இரும்பு ராஜ்ஜியம். பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி தயாரிக்கும் ஆலைகள் இந்த வட்டாரத்தில் நிறைய. அதன் பின்கட்டில் இருக்கிறது ஸ்கிராப் யார்டு. உடைந்த சைக்கிள் சட்டம், கம்பித் துண்டு, வாஷிங் மெஷின் கூடு, யந்திரப் பல்சக்கரம் எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். அதற்கு மேலே கிரேனில் தொங்குகிறது வட்டமான, தடித்த ஒரு மின்காந்தம். ஆபரேட்டர் ஸ்விட்சைப் போட்டதும் குவியலே எழும்பி 'கணகண'வென்று போய் ஒட்டிக்கொள்கிறது! உலைப் பக்கம் நகர்த்தி ஸ்விட்சை அணைத்தால் மொத்தமும் 'தடார்' என்று கீழே. ஒட்ட வைப்பதை எந்தக் காந்தமும் செய்யும். வேண்டும்போது விட்டுவிடுவதுதான் மின்காந்தத்தின் சாமர்த்தியம். 1825-ல் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர் 200 கிராம் எடையுள்ள இரும்பில் கம்பி சுற்றி மின்சாரம் பாய்ச்சி, நான்கு கிலோவைத் தூக்கிக் காட்டினார். அந்தச் சிறு பொருளின் வாரிசுதான் இங்கே டன் கணக்கில் தூக்குகிறது.

காந்தத்துக்கு மசியாதவையும் குவியலில் உண்டு. செம்பு வராது, அலுமினியம் வராது. நல்ல எவர்சில்வர் பாத்திரம்கூடப் பெரும்பாலும் வராது! அதில் இரும்புதானே அதிகம் என்றால், ஆமாம். ஆனால் நிக்கல் சேர்ந்ததும் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதமே மாறிவிடுகிறது, காந்தப் பிடிப்பு போய்விடுகிறது. அலுமினியத்தைப் பிடிக்க மறுசுழற்சி ஆலைகளில் இன்னொரு வித்தை வைத்திருக்கிறார்கள். பெல்ட்டின் முனையில் உருளைக்குள் காந்தங்கள் படுவேகமாகச் சுழலும். அந்தச் சுழற்சி அலுமினியத் துண்டுக்குள் மின்சாரத்தைத் தூண்டும், தூண்டப்பட்ட மின்சாரம் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். நசுங்கிய டின்கள் பெல்ட்டை விட்டு எகிறிக் குதித்துத் தனித் தொட்டியில் விழும். காந்தம் ஈர்க்காத பொருளைக் காந்தத்தாலேயே எட்டித் தள்ளுகிறார்கள்! ஒன்பதாம் வகுப்பில் வரும் மின்காந்தத் தூண்டலை இப்படிக் கற்றுக்கொடுத்தால் யாருக்கு மறக்கும்?

உலைக்குள் இன்னொரு பிரிப்பு. சுமார் 1,600 டிகிரி செல்சியஸில் இரும்பு தண்ணீராகத் தளும்பும்போது, துருவும் மண்ணும் கசடாகி மேலே மிதக்கும். வெப்பத்துக்கு எதிரே நின்று அதை வழித்து எடுப்பார்கள். கிண்ணத்தில் மரத்தூளை வழித்தோமே, அதே கதைதான். அடர்த்தி குறைந்தது மேலே, கூடியது கீழே.

அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் ஆட்டத்தில் பழைய பேட்டரி மறுசுழற்சிதான் கச்சிதம். அமிலத்தை வடித்துவிட்டு, பேட்டரியை இயந்திரத்தில் நொறுக்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் தள்ளுகிறார்கள். உறையின் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 0.9, அதனால் மிதக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.3, முங்கிவிடும். வெறும் தண்ணீர் நடுவராக நின்று இரண்டையும் பிரித்துவிடுகிறது! ஆனால் இந்த ஒரு வேலையை வீட்டுப் பின்புறத்திலோ தோட்டத்துக் கொட்டகையிலோ யாரும் செய்யக்கூடாது. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மூடிய இயந்திரம், தூசு உறிஞ்சும் குழாய், தொழிலாளிகளுக்கு ரத்தப் பரிசோதனை எல்லாம் உள்ள ஆலையில்தான் நடக்க வேண்டும். உற்சாகத்தில் இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

இப்போது என் செல்லப் பிள்ளைக்கு வருவோம். செங்குன்றம் ரைஸ் மில்!

வட சென்னைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் அரிசி என்றால் செங்குன்றம்தான். மில்லும் மண்டியுமாக நிறைந்த ஊர். வந்திறங்கும் நெல் மூட்டையில் நெல் மட்டுமா இருக்கும்? வைக்கோல் துணுக்கு, பதர், களை விதை, மண்கட்டி, கல், சில சமயம் ஆணிகூட இருக்கும். முதலில் ஆடும் சல்லடை. பெரிய கண் உள்ள தட்டு வைக்கோலைத் தடுத்து நெல்லைக் கீழே விடும். சிறிய கண் உள்ள தட்டு நெல்லை நிறுத்தி மண்ணைக் கீழே விடும். கூடவே காற்று உறிஞ்சி, பதரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். களத்து மேட்டில் காற்று வரும் திசை பார்த்து நின்று பொலி தூற்றினார்களே, அந்தக் காற்றை இங்கே மின்விசிறி கொடுக்கிறது. ஆடி மாதம் வரை காத்திருக்க வேண்டாம்!

அடுத்தது டீஸ்டோனர், அதாவது கல் பொறுக்கும் இயந்திரம். இதைப் பார்த்தால் நம்ப முடியாது. கல்லும் நெல்லும் ஏறக்குறைய ஒரே பருமன், சல்லடை என்ன செய்யும்? ஒரு பக்கம் சாய்ந்த தட்டு. தட்டெல்லாம் நுண்ணிய துளைகள். கீழிருந்து காற்று பீறிட்டு மேலே வருகிறது, தட்டு நொடிக்குப் பல தடவை அதிர்கிறது. எடை குறைந்த நெல் காற்றில் லேசாக மிதந்து, சரிவில் வழிந்து கீழே இறங்கிவிடும். கனமான கல் மிதக்காது. தட்டோடு ஒட்டியே கிடப்பதால் ஒவ்வொரு அதிர்விலும் அது கொஞ்சம் மேல்நோக்கித் தள்ளப்படும். ஆக, நெல் இறங்குகிறது, கல் மலையேறுகிறது! மேல் விளிம்பைத் தொட்ட கற்கள் ஒவ்வொன்றாக 'டிக், டிக்' என்று வாளியில் விழும். பாட்டி முறத்தில் அரிசியைக் கொழிக்கும்போதும் இதே இயற்பியல்தான். மணிக்கட்டின் ஒரு சுண்டல், ஒரு சாய்ப்பு. அரிசி ஒரு பக்கம், குருணை ஒரு பக்கம், கல் ஒரு ஓரம். புடைப்பதற்கு ஒரு அசைவு, நாவுவதற்கு ஒரு அசைவு, கொழிப்பதற்கு ஒரு அசைவு. முறம் ஒன்றுதான், வேலை மூன்று. அதற்கும் தப்பிய கல்லை, உள்பக்கம் வரிவரியாக இருக்கும் அரிக்கன் சட்டியில் தண்ணீரோடு ஆட்டி அடியில் தேக்கிவிடுவார்கள். இவ்வளவு நுட்பமான கைவேலையைப் பாடப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முறத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும்.

நெல்லை அவித்துக் காயவைத்து, ரப்பர் உருளைகளுக்கு இடையே விட்டு உமியை உரிக்கிறார்கள். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமிதான். அதைக் காற்று கொண்டுபோய்விடும். அந்த உமியே கொதிகலனுக்கு எரிபொருள். உரியாத நெல் கொஞ்சம் கலந்திருக்குமே? அதற்கும் ஒரு ஆடும் தட்டு உண்டு. உரிந்த அரிசி வழவழப்பு, நெல் சொரசொரப்பு. அந்த வித்தியாசம் போதும், இரண்டும் வேறு வேறு பக்கம் போய்விடும். அப்புறம் தவிடு நீக்கம், பாலிஷ், நொய் பிரிப்பு. நொய்யைப் பிரிக்கும் உருளையின் உள்சுவரில் குட்டிக் குட்டிக் குழிகள் இருக்கும். உடைந்த அரிசி குழியில் உட்கார்ந்து மேலே போய்த் தனித் தொட்டியில் விழும். முழு அரிசி குழியில் நிற்காமல் வழுக்கிவிடும்.

கடைசியில் வருகிறது சார்டெக்ஸ்! அரிசிப் பையில் 'சார்டெக்ஸ் செய்யப்பட்டது' என்று அச்சடித்திருப்பார்களே, அதுதான். சாய்வான தடங்களில் அரிசி அருவியாக இறங்கும். விழும் வழியில் கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுத்த மணி, பழுத்த மணி தென்பட்டால், அது இன்னும் சில சென்டிமீட்டர் விழுவதற்குள் ஒரு நுண்குழாய் 'ப்ஸ்ஸ்' என்று காற்றை ஊதி அதை மட்டும் வரிசையிலிருந்து தட்டிவிடும். நூற்றுக்கணக்கான நுண்குழாய்கள் சேர்ந்து ஊதும்போது மழை பெய்கிற சத்தம். திண்ணையில் உட்கார்ந்து அம்மா அரிசி பொறுக்கியதுதான் 'கையால் தெரிந்தெடுத்தல்'. இங்கே கண் கேமரா, கை காற்று.

காக்களூரில் ஆவின் பால் பண்ணை. இங்கே நின்று பார்க்க நேரம் குறைவு, ஒரே ஒரு இயந்திரம் மட்டும் பார்த்துவிட்டு ஓடுவோம். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழலும் கிண்ணம், அதற்குள் கூம்புத் தட்டுகளின் அடுக்கு. பால் உள்ளே போனதும் கனமான பகுதி வெளிப்பக்கம் தள்ளப்படும், இலேசான கொழுப்பு நடுவில் சேரும். பாலேடு ஒரு குழாயில், கொழுப்பு நீக்கிய பால் இன்னொரு குழாயில். நிற்காமல் பாலேட்டைப் பிரிக்கும் சுழல் இயந்திரம் 1878-ல் சுவீடன்காரர் குஸ்தாவ் டி லாவால் கண்டுபிடித்தது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை உடனே அளந்து திரும்பக் கலக்குகிறார்கள்! நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. மாடு எப்படிக் கறந்தாலும் பாக்கெட்டில் கொழுப்பு ஒரே அளவாக இருப்பது இதனால்தான்.

இனி கிழக்கே, கடலைப் பார்த்து. காட்டுப்பள்ளியில் இருக்கிறது மீஞ்சூர் கடல்நீர் குடிநீராக்கும் நிலையம். 2010 ஜூலை 31-ல் முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. அதற்காகக் கடலிலிருந்து சுமார் 24 கோடி லிட்டர் எடுக்கிறார்கள்.

இங்கே ஆரம்பத்தில் எல்லாம் பழகிய முறைகளே. துகள்களைத் திரள வைத்துப் படிய விடுகிறார்கள். தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் தெளியுமே, அதே தத்துவம். பிறகு மணல் வடிகட்டி. அதற்குப் பிறகு இன்னும் நுண்ணிய வடிகட்டி. கண்ணாடியாகத் தெளிந்த நீர் தயார். ஆனால் வாயில் வைத்தால் கரிக்கும்! லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அப்படியே இருக்கிறது. கரைந்த உப்பு எந்த வடிகட்டியிலும் நிற்காது என்பது ஆறாம் வகுப்பிலேயே தெரியும். காய்ச்சி ஆவியாக்கலாம் என்று அங்கே படித்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் லிட்டரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கினால், வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தாவிட்டால், 600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. பத்து கோடி லிட்டருக்கு அடுப்பு மூட்டினால் மாநிலம் தாங்காது.

அதனால்தான் எதிர் சவ்வூடு பரவல். சாதாரணமாக, சவ்வுக்கு இரு பக்கமும் நல்ல நீரும் உப்பு நீரும் இருந்தால், நல்ல நீர் உப்பு நீர்ப் பக்கம் போகும். அதன் இயல்பு அது. அந்த இயல்பைத் திருப்ப, உப்பு நீரைக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தத்தில் சவ்வின் மேல் தள்ளுகிறார்கள். நீர் மூலக்கூறுகள் சவ்வுக்குள் கரைந்து ஊடுருவி மறுபக்கம் வருகின்றன, உப்பு பின்தங்கிவிடுகிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் சிட்னி லோப், மற்றவர் இந்தியாவில் பிறந்த ஸ்ரீநிவாச சௌரிராஜன்! தடித்த சவ்வில் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. மேலே மிக மெல்லிய தோல், கீழே துளைகள் நிறைந்த தாங்கு படலம் என்று அவர்கள் அமைத்த பிறகுதான் ஓட்டமாக வந்தது. நம் வீட்டுச் சமையலறை ஆர்ஓ இயந்திரத்துக்கும் அதுதான் முன்னோடி. சௌரிராஜன் பெயரும் நம் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டாமா?

காட்டுப்பள்ளியில் சவ்வு உருளைகள் எட்டாயிரத்துக்கும் மேல். இந்த வகை உருளை ஒன்றில் வழக்கமாகச் சுமார் 400 சதுர அடிச் சவ்வைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அத்தனையையும் பிரித்து விரித்தால் எழுபது ஏக்கர் நிலத்தை மூடிவிடும்! அவ்வளவும் குழாய்களுக்குள் அடங்கி, மண்டபத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. சவ்வைத் தாண்டாமல் வெளியேறும் உவர்நீரில் அழுத்தம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை வீணாக்காமல், உள்ளே வரும் புதுக் கடல்நீருக்குக் கைமாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த வகை நிலையங்களில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட்டில் வேலை முடிகிறது. கடைசியில் பார்த்தால், இங்கேயும் ஆவின் கதைதான். உப்பெல்லாம் போன நீர் குடிக்கச் சப்பென்று இருக்கும், குழாயையும் அரிக்கும். அதனால் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் திரும்பச் சேர்த்துத்தான் ஊருக்கு அனுப்புகிறார்கள்.

மிச்சம்? லிட்டருக்கு 60 கிராம் அளவுக்கு உப்பு ஏறிய நீர் கடலுக்கே திரும்புகிறது. கரையோர மீனவர்களுக்கு அதுபற்றிக் கவலை உண்டு, அது நியாயமான கவலை. பள்ளிக்கூடக் கிண்ணத்தில் மிச்சம் என்ற ஒன்றே கிடையாது. ஆலையில் பிரித்தால் வேண்டாத பாதி எங்கேயாவது போயே ஆக வேண்டும்.

பக்கத்திலேயே அத்திப்பட்டு அனல்மின் நிலையம். அங்கே இன்னும் பளிச்சென்று புரியும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல் இருப்பது சாதாரணம். எரிந்ததும் அது மாவைவிட நுண்ணிய தூளாகிப் புகையோடு பறக்கும். சல்லடை வைத்தால் அடைத்துக்கொள்ளும். அதனால் புகை போகும் வழியில் பல்லாயிரம் வோல்ட் ஏற்றிய கம்பிகளையும் அவற்றுக்கு எதிரே பெரிய இரும்புத் தகடுகளையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பியருகே வரும் சாம்பல் துகள் மின்னூட்டம் பெற்று, தகட்டைப் பார்த்து ஓடி ஒட்டிக்கொள்ளும். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அந்த விசைதான்! சுத்தியல்கள் அவ்வப்போது தகட்டைத் தட்ட, சாம்பல் பொலபொலவென்று கீழே கொட்டும். சரியாகப் பராமரித்தால் புகையிலுள்ள தூளில் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடலாம். சிமெண்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போன சாம்பல் காசாகிறது. ஆனால் குழாயில் கரைத்து அனுப்பிய சாம்பல் கசிந்து கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் படிந்து, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. புகையிலிருந்து அவ்வளவு அழகாகப் பிரித்ததை ஆற்றில் திரும்பக் கலக்கவிட்டால், அந்தத் தகடுகள் செய்த வேலைக்கு என்ன மரியாதை?

கடைசி நிறுத்தம் மணலி. 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேரும்வரை இதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான். இங்கேயுள்ள சுத்திகரிப்பு ஆலை 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு 1969-ல் ஓட ஆரம்பித்தது. இப்போது சிபிசிஎல், ஆண்டுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் டன் திறன். கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். அடியில் சூடு அதிகம், உச்சியில் குறைவு. ஆவி மேலே ஏற ஏறக் குளிரும். எந்தத் தட்டின் வெப்பம் தனக்குப் பொருந்துகிறதோ அந்தத் தட்டில் திரவமாகி இறங்கிக்கொள்ளும். டீசல் கீழ்த் தட்டில், மண்ணெண்ணெய் அதற்கு மேல், நாஃப்தா இன்னும் மேல், சமையல் வாயு உச்சி வழியாக. ஒரே கறுப்புக் குழம்பு, ஒரே கோபுரம், இத்தனை கதவு!

அடியில் தேங்கும் கெட்டிப் பகுதியை இன்னும் சூடாக்கினால் பிரியாது, மூலக்கூறே உடைந்துவிடும். அதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? அடுத்த கோபுரத்தில் காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ஊட்டியில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தும் பருப்பு வேக நேரமாவது எதனாலோ, அதே காரணத்தை இங்கே வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். மசகு எண்ணெய்க்கான பகுதி அப்படித்தான் பிரிகிறது. அதற்கும் மசியாமல் கடைசியில் நிற்பதுதான் சாலை போடும் தார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உலைக்கூடமும் சுத்திகரிப்பு ஆலையும் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடங்கள் இல்லை. ஒன்பதாம் வகுப்பு என்றால் காட்டுப்பள்ளிக்குத் தலைமையாசிரியர் வழியாகச் சென்னைக் குடிநீர் வாரியத்திடம் எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்புக்குச் செங்குன்றம் ரைஸ் மில்லே போதும். தை, மாசியில் புது நெல் வரத்து இருக்கும்போது போங்கள், மில் முழு வேகத்தில் ஓடும். தூசு இருக்கும், ஆளுக்கொரு கைக்குட்டை கட்டாயம்.